சாலையைத் தோண்டாமல் சிறுபாலத்தைச் சீர்செய்வது எப்படி?

1967 டிசம்பர் 15 மாலை, அமெரிக்காவின் ஓஹயோ ஆற்றின் குறுக்கே இருந்த சில்வர் பாலம் வண்டிகளோடு ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய இரும்புப் பட்டைகளில் ஒன்றில் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்த சிறு விரிசல்தான் காரணம். அந்தச் சாவுகளுக்குப் பிறகு, 1971ல், நாடு முழுவதற்கும் பொதுவான பாலச் சோதனை விதிகள் வந்தன. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு நெடுஞ்சாலைப் பாலத்தையும் ஆள் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும்.

அந்த விதியில் ஓர் எல்லைக்கோடு உண்டு. 20 அடிக்கு மேல் நீளமுள்ளவைதான் பாலம் என்ற கணக்கில் வரும். அதற்குக் குறைந்தவற்றை மத்திய அரசின் விதி கட்டாயப்படுத்தவில்லை. மாநிலங்கள் விரும்பினால் பார்க்கலாம். சாலைக்கு அடியில் ஓடைநீரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் விடும் சிறுபாலங்களில் பெரும்பாலானவை இந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன. நமது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியும் 6 மீட்டருக்கு உட்பட்டதைத்தான் கல்வெர்ட், அதாவது சிறுபாலம், என்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

கண்காணிப்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2003 ஜூன் மாதத் தொடக்கத்தில், கொலராடோ மாநிலத்தில் வேல் நகருக்கு அருகே ஐ-70 நெடுஞ்சாலையின் கீழே இருந்த, அலைபோல் நெளித்த இரும்புத் தகட்டாலான பழைய நெளித்தகட்டுக் குழாய் விட்டுக்கொடுத்தது. பனி உருகி வந்த நீர் மண்ணை அரித்துக்கொண்டு போக, சாலை உள்வாங்கிப் பெரும் பள்ளமானது. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் முதன்மைச் சாலை அடைபட்டு, வண்டிகள் மலைச் சுற்றுவழியில் போயின.

இந்த நெளித்தகட்டுக் குழாயின் கதை 1896ல் இண்டியானா மாநிலத்தின் கிராஃபோர்ட்ஸ்வில் ஊரில் தொடங்குகிறது. ஜேம்ஸ் வாட்சன் என்பவரும் ஸ்டான்லி சிம்ப்சன் என்பவரும் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். எடை குறைவு, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவது எளிது, ஒரே நாளில் பதித்துவிடலாம். 1956ல் அமெரிக்கா மாநிலங்களுக்கு இடையிலான பெருஞ்சாலைத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்தக் குழாய்கள் ஏராளமாக மண்ணுக்கடியில் போயின. ஐம்பது ஆண்டு ஓடும் என்ற கணக்கில் பதித்தவை பலவும் அந்த வயதைத் தாண்டிவிட்டன.

அவை கெடும் விதத்தைக் கிட்ட நின்று பார்த்தால் புரியும். மெல்லிய ரகத்தில் இரும்புத் தகட்டின் கனம் 1.6 மில்லிமீட்டர். அதன் மேல் ஒவ்வொரு பக்கமும் சுமார் 43 மைக்ரான் கனத்தில் துத்தநாகப் பூச்சு. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மழைக்காலத்தில் நீரோடு உருண்டுவரும் சரளைக்கல் குழாயின் அடிப்பகுதியைத் தேய்க்கிறது. துத்தநாகம் போனதும் இரும்பு துருவேறுகிறது; அடுத்த வெள்ளம் அந்தத் துருவை வழித்துக்கொண்டு போகிறது; புது இரும்பு வெளியே தெரிகிறது; அது மறுபடி துருவேறுகிறது. மண் அமிலத்தன்மையோடு இருந்தால், அல்லது பனி உருக்கத் தூவிய உப்பு கலந்த நீர் ஓடினால், வேகம் கூடும். மேல்பாதி புதுசு போலப் பளபளக்க, அடிப்பகுதி மட்டும் சல்லடையாகிக் கிடக்கும் குழாய்கள் நிறைய. சாலையில் போகிறவருக்கு இதில் எதுவும் தெரியாது.

ஓட்டை விழுந்தால் நீர் ஒழுகும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆபத்து நீரில் இல்லை, மண்ணில் இருக்கிறது. மேலேயுள்ள சாலையையும் லாரிகளையும் இந்த மெல்லிய தகடு தனியாகத் தாங்கவே முடியாது. பாரம் மேலிருந்து அழுத்தும்போது குழாய் சற்றுத் தட்டையாகிப் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். இருபுறமும் கெட்டித்த மண் அதை எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்பில்தான் குழாய் நிற்கிறது. அயோவா மாநிலக் கல்லூரியில் ஆன்சன் மார்ஸ்டன் தொடங்கிய ஆராய்ச்சியை அவருடைய மாணவர் மெர்லின் ஸ்பாங்ளர் தொடர்ந்து, 1941ல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். அதில் எண்களைப் போட்டுப் பார்த்தால் தகட்டின் விறைப்பைவிடப் பக்கத்து மண்ணின் விறைப்புதான் பெரும் பங்கு சுமக்கிறது என்பது தெரியும். தகடும் மண்ணும் சேர்ந்ததுதான் பாலம்.

அடியில் ஓட்டை விழுந்த குழாயில் நீர் தகட்டுக்கு வெளியே புகுந்து, நுண்மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. இணைப்புகள் விலகிய இடத்திலும் இதுவே நடக்கிறது. குழாயைச் சுற்றிப் பொந்து உருவாகிறது. பக்கத்து மண் போனதும் தகடு தட்டையாகிறது. பொந்து மேல்நோக்கி ஏறி ஏறி ஒரு நாள் தாரின் அடிவயிற்றைத் தொடுகிறது. ஆகவே குழாயைச் சரிசெய்ய வருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, போன மண் எங்கே என்பதுதான். எந்த முறையைக் கையாண்டாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் அந்த மராமத்து நிற்காது. இந்தத் துறையைப் பற்றிப் படித்த அளவில் என் உறுதியான முடிவு இது.

தோண்டி எடுத்துப் புதுக் குழாய் போட்டால் என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாய்க்கு மேல் 10 மீட்டர் மண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சாலைகளில் இது சாதாரணம். பள்ளத்தின் கரை சரியாமலிருக்க ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு விட வேண்டும். அடியில் 3 மீட்டர் அகலம் வேண்டுமென்றால் மேலே 33 மீட்டர் அகலத்துக்குச் சாலை பிளக்கப்படும். சாலையின் குறுக்களவு 30 மீட்டர் என்றால் எடுக்க வேண்டிய மண் 5,400 கன மீட்டர். லாரிக்குப் பத்து கன மீட்டர் வீதம் 540 நடை வெளியே, அதே அளவு திரும்ப உள்ளே. அதுவரை சாலை மூடிக் கிடக்கும். திரும்ப நிரப்பிய மண் பழைய மண்ணோடு சமமாக அமராததால் அந்த இடத்தில் வண்டி பல ஆண்டுகள் குலுங்கும். தோண்டாமல் செய்யும் வழிகளைத் தேடியதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

அவற்றில் மிகப் பழையதும் எளியதும் குழாய்க்குள் குழாய் செருகுவது. சிறுபாலத்தின் ஒரு வாயில் வழியாக, சற்றுச் சிறிய விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயைத் துண்டு துண்டாக இணைத்து உள்ளே தள்ளுகிறார்கள். பழைய குழாய்க்கும் புதியதற்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சிமென்ட் கலவையால் நிரப்புகிறார்கள். சாலையில் போகிற வண்டிகளுக்குக் கீழே வேலை நடப்பதே தெரியாது.

உள்விட்டம் குறைந்தால் வெள்ளம் தேங்காதா? 1889ல் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் முன்வைத்த வாய்பாடு இதற்குப் பதில் சொல்கிறது. ஒரே சரிவில் நிரம்பி ஓடும் குழாயில் நீரின் அளவு விட்டத்தின் 8/3 அடுக்குக்கு ஏற்பக் கூடும். சொரசொரப்பு எண்ணுக்கு எதிர்விகிதத்தில் குறையும். நெளித்தகட்டின் சொரசொரப்பு எண் சுமார் 0.024. வழவழப்பான பிளாஸ்டிக்குக் கணக்கில் 0.012 என்றே வைத்துக்கொள்ளலாம். 1,200 மில்லிமீட்டர் தகட்டுக் குழாய்க்குள் 1,000 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் வாயின் பரப்பு 31 விழுக்காடு குறைகிறது. ஆனால் ஓடக்கூடிய நீர் 23 விழுக்காடு கூடுகிறது. நெளிவுகளில் மோதித் தடுமாறிய நீர் இப்போது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

குழாய் விற்பவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். சிறுபாலம் நீண்ட குழாய் அல்ல; பல இடங்களில் இருபது முப்பது மீட்டர்தான். சரிவு ஓரளவு இருந்தால் உள்ளே புகுந்த நீர் எளிதில் ஓடிவிடும், புகுவதில்தான் சிக்கல். வாயின் அளவும் வடிவமும்தான் எவ்வளவு நீர் போகும் என்பதை முடிவு செய்கின்றன. அப்படிப்பட்ட பாலத்தில் உட்சுவரை எவ்வளவு வழவழப்பாக்கினாலும் பயன் இல்லை. வாய் சிறுத்ததால் கொள்ளளவு குறைந்தே போகும், மேல்பக்கம் நீர் ஏறி நிற்கும். வாயின் விளிம்பைச் சாய்வாகச் சீவி, நீரை வளைத்து உள்ளே அனுப்பும் பக்கச்சுவர் கட்டினால் இழந்ததில் கொஞ்சத்தை மீட்கலாம். உள்வாய் தடுக்கிறதா, உடல் தடுக்கிறதா என்று பார்க்காமல் மேனிங் கணக்கை மட்டும் போட்டுக் கையெழுத்திடுவது பெரும் தவறு.

கலவை நிரப்புவதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1,070 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாயைச் சுற்றிச் சிமென்ட் கலவை முழுதாகச் சூழ்ந்தால், மீட்டருக்குச் சுமார் ஒன்றரை டன் விசையோடு அது மேலே மிதக்கப் பார்க்கும். முப்பது மீட்டர் குழாய் என்றால் 45 டன். ஒரே மூச்சில் நிரப்பினால் புதுக் குழாய் பழைய குழாயின் உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும். அல்லது கலவையின் அழுத்தத்தில் உட்குழிந்து நசுங்கும். ஆகவே கொஞ்சம் நிரப்பி, இறுகவிட்டு, அடுத்த அடுக்கை நிரப்புகிறார்கள். குழாய்க்குள் நீர் நிரப்பி எடையேற்றுவதும் உண்டு. காற்றுக் குமிழிகள் கலந்த லேசான கலவையைப் பயன்படுத்தினால் விசை பாதிக்கும் கீழே வரும். நன்றாக இளகிய கலவை பழைய தகட்டின் ஓட்டைகள் வழியாக வெளியே போய்ப் பொந்துகளையும் நிரப்பும். போன மண்ணுக்குப் பதில் அங்கேதான் கிடைக்கிறது. கணக்கிட்ட அளவைவிட அதிகக் கலவையைப் பாலம் விழுங்கினால் அது நல்ல செய்தி. வெளியே அவ்வளவு பொந்து இருந்தது என்று அர்த்தம்.

இரண்டாவது முறை லண்டனில் பிறந்தது. 1971ல், கிழக்கு லண்டனின் ஹாக்னி பகுதியில், நூறு ஆண்டு பழமையான முட்டை வடிவச் செங்கல் கழிவுநீர்க் கால்வாயில் சுமார் 70 மீட்டர் நீளத்துக்குப் பொறியாளர் எரிக் வுட் ஒரு புது உத்தியைச் சோதித்தார். பாலியெஸ்டர் ஃபெல்ட் துணியில் தைத்த நீண்ட உறை. அதில் ரெசின் என்ற இளகிய பிசினை ஊறவைத்து, கால்வாயின் உள்ளே விரித்து, சுவரோடு அழுத்திப் பிடித்து இறுகவிட வேண்டும். இறுகிய பிறகு இணைப்பே இல்லாத ஒரு புதுக் குழாய் பழைய குழாயின் வடிவத்திலேயே உள்ளே நிற்கும். இருபது ஆண்டு கழித்து அதிலிருந்து துண்டு வெட்டிச் சோதித்தபோது உறுதி குலையாமல் இருந்தது. வுட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை 1977ல் கிடைத்தது. இன்று உலகம் முழுவதும் கழிவுநீர்க் குழாய்களில் அதிகம் பயன்படும் முறைகளில் இதுவும் ஒன்று; அங்கிருந்து சாலைச் சிறுபாலங்களுக்கும் வந்தது.

வேலை நடக்கும் விதம் அழகானது. ஊறிய உறையைக் குளிரூட்டிய லாரியில் கொண்டுவருகிறார்கள், வழியிலேயே இறுகிவிடக் கூடாதென்று. உறையின் ஒரு முனையைக் குழாயின் வாயில் பிணைத்து, பின்னாலிருந்து நீரையோ காற்றையோ செலுத்துகிறார்கள். சட்டைக் கையை உள்ளும் புறமுமாகப் புரட்டுவது போல உறை தன்னைத் தானே புரட்டிக்கொண்டு முன்னேறுகிறது. உள்ளே இருந்த ரெசின் பக்கம் வெளியே வந்து பழைய சுவரில் பதிகிறது. எங்கும் இழுபடாததால் உராய்வு இல்லை, கிழிசல் இல்லை. ஐந்து மீட்டர் உயர நீர்த்தம்பம் ஒன்றே உறையைச் சுவரோடு அழுத்தப் போதும். பிறகு சூடான நீர் அல்லது நீராவி. ரெசின் சில மணி நேரத்தில் கெட்டியாகிறது. கண்ணாடி இழை உறைகளில் புற ஊதா விளக்குத் தொடரை உள்ளே இழுத்துப் போய் இறுக்குகிறார்கள்.

பெரும்பாலான ரெசின்களில் ஸ்டைரீன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கழிவுநீர்க் குழாயில் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். ஆனால் சிறுபாலத்தின் வாய் நேராக ஓடையில் திறக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தின் சாலை ஆராய்ச்சியாளர்கள் இப்படிச் சீர்செய்த ஏழு இடங்களில் நீரைச் சோதித்து 2008ல் அறிக்கை தந்தார்கள். குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். ஏழில் ஐந்து இடங்களில் ஸ்டைரீன் அதைத் தாண்டியிருந்தது. சில இடங்களில் நீர்வாழ் உயிர்களைக் கொல்லும் அளவு இருந்தது. அம்மாநிலம் அந்த முறையை நிறுத்திவைத்து, ரெசினை இறுக்கப் பயன்பட்ட நீரைப் பிடித்து அப்புறப்படுத்துவது உள்ளிட்ட கடுமையான விதிகளோடுதான் மறுபடி அனுமதித்தது. ஸ்டைரீன் இல்லாத ரெசின்களும் உண்டு, விலை கூட. ஓடையில் திறக்கும் பாலத்துக்கு அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பேன். ஸ்டைரீன் கலந்த நீராவியை முகரும் இடத்தில் மனிதர் நின்று வேலை செய்கிறார் என்பதையும் ஒப்பந்தப் புள்ளிகள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆள் நிமிர்ந்தோ குனிந்தோ நடக்கும் அளவுக்குக் குழாய் பெரியதென்றால் கலவையைத் தெளித்தே புது உட்சுவர் கட்டிவிடலாம். காற்றழுத்தத்தில் சிமென்ட் கலவையைப் பீய்ச்சும் துப்பாக்கியை உருவாக்கியவர் கார்ல் எய்க்லி. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் யானை முதலிய விலங்குகளைப் பாடம் செய்து நிறுத்தியவர் அவர். உதிர்ந்துகொண்டிருந்த அருங்காட்சியகக் கட்டடத்தின் முகப்பைப் பூசுவதற்காக 1907 வாக்கில் செய்த கருவிக்கு 1911ல் காப்புரிமை கிடைத்தது. அந்த வழியில் வந்தவைதான் இன்றைய தெளிப்பு முறைகள். சுழலும் ஒரு முனையைக் குழாயின் நடுவே வைத்து ஒரே வேகத்தில் பின்னோக்கி இழுத்தால், கலவை நாலாபுறமும் சீராகத் தெறித்து ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பட்டையை உள்ளேயே சுருளாகச் சுற்றிக் குழாயாக்குவது, தேய்ந்த அடிப்பகுதிக்கு மட்டும் கான்கிரீட் தளம் போடுவது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. அடி மட்டும் போயிருந்தால் கடைசியாகச் சொன்னதே போதும், செலவும் குறைவு.

தோண்டக் கூடாது என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி அல்ல. அமெரிக்காவின் வடமேற்கில் வாஷிங்டன் மாநிலத்து ஆறுகளில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து எதிர்நீச்சல் போட்டு மேலேறி வந்து முட்டையிடுகின்றன. குறுகிய சிறுபாலத்துக்குள் நீரின் வேகம் கூடினால் மீனால் ஏற முடியாது. வெளிவாயில் நீர் விழுந்து விழுந்து பள்ளம் பறித்துவிட்டால் குழாயின் வாய் அந்தரத்தில் நிற்கும். வழவழப்பான உட்குழாய் இந்த இரண்டையும் மோசமாக்கும். 1850களில் அங்கே செய்துகொண்ட உடன்படிக்கைகள் பழங்குடி மக்களுக்கு மீன்பிடி உரிமையை உறுதி செய்தன. மீன் ஏற முடியாதபடி பாலம் கட்டினால் உரிமை ஏது என்று 21 பழங்குடிகள் வழக்காடின. 2013ல் நீதிபதி ரிக்கார்டோ மார்ட்டினெஸ், தடையாக இருக்கும் சிறுபாலங்களை மாநிலம் மாற்றியமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 2018ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் அந்த உத்தரவு நிலைத்தது. அங்கே இப்போது தோண்டித்தான் எடுக்கிறார்கள். ஓடையின் முழு அகலத்துக்கும் இடம் விட்டுப் பாலம் கட்டுகிறார்கள். எத்தனை கோடி ஆனாலும் அதுவே சரி.

நம் ஊர்ச் சாலைகளில் நெளித்தகடு அபூர்வம். 1910ல் ஆஸ்திரேலியாவின் வால்டர் ஹியூம் கண்டுபிடித்த, சுழற்றி வார்த்த கான்கிரீட் குழாய்தான் இங்கே. அவர் பெயரிலேயே ஹியூம் பைப் என்று கொத்தனாரும் ஒப்பந்தக்காரரும் சொல்கிறார்கள். இதற்குத் துரு பிரச்சினை குறைவு. இரண்டரை மீட்டருக்கு ஒரு இணைப்பு என்பதால் பலவீனம் இணைப்பில் இருக்கிறது. அடியில் படுக்கை சரியாகக் கெட்டிக்கப்படாமல் ஒரு குழாய் இறங்கினால் இணைப்புக் கலவை வெடிக்கும். அதன் வழியாக மண் போகும். மேலே சாலை அமுங்கும். அங்கே திரும்பத் திரும்பத் தார் ஊற்றி மட்டம் செய்வதைப் பல ஊர்களில் பார்க்கலாம். கீழே போகும் மண் நிற்காதவரை எத்தனை முறை ஊற்றினாலும் அது அமுங்கிக்கொண்டுதான் இருக்கும். இணைப்பை உள்ளிருந்து அடைத்து, சுற்றியுள்ள பொந்தில் கலவை ஏற்றினால் அந்தப் பாலம் இன்னும் பல ஆண்டு நிற்கும். பெரிய இயந்திரங்களும் தேவையில்லை.

எண்ணிக்கையைப் பார்த்தால் இதன் முக்கியம் தெரியும். 2016ல் மத்திய அரசு தொடங்கிய பால மேலாண்மைத் திட்டத்தில் தேசிய நெடுஞ்சாலைகளில் கணக்கெடுத்த சுமார் 1,72,500 கட்டமைப்புகளில் ஏறக்குறைய 1,34,000 சிறுபாலங்கள். நாலில் மூன்றுக்கும் மேல். மாநிலச் சாலைகளும் ஊராட்சிச் சாலைகளும் இதில் சேரவில்லை. எண்ணியாகிவிட்டது; அடுத்து ஒவ்வொன்றின் உள்ளேயும் கேமராவோ கண்ணோ போக வேண்டும். விஷவாயு இருக்கக்கூடிய இடத்தில் ஆளை இறக்காமல், சக்கரம் வைத்த கேமராவை அனுப்ப வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சிறுபாலத்தின் மேல் சாலை குறுக்காக அமுங்கியிருந்தாலோ, ஓரத்துக் கரையில் சின்னக் குழி விழுந்திருந்தாலோ, மழை விட்ட பிறகும் வெளிவாயில் கலங்கிய நீரும் புது மணலும் வந்துகொண்டிருந்தாலோ, உள்ளே மண் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கைபேசியில் ஒரு படம் எடுத்து, இடத்தின் கிலோமீட்டர் கல்லைக் குறித்து, நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ எழுத்தில் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். மனு செப்டம்பருக்கு முன்பே போய்ச் சேரட்டும்.